இரண்டு கன அடி: நஞ்சன்கூட்டில் கபினியும் அதில் சேரும் ஓடைகளும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் கபினியின் பெயர் தவறாமல் அடிபடும். வயநாட்டில் மழை வலுத்தது, அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி, திறப்பு இத்தனை என்று நாள்தோறும் கணக்கு வரும். கபினி அணையின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி. மட்டுமே. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து விழும் மலைச்சரிவு அதன் நீர்ப்பிடிப்பு. அதனால் காவிரியின் கிருஷ்ணராஜசாகர் அணை பாதி எட்டுமுன்பே கபினி நிரம்பிவிடும் ஆண்டுகள் அதிகம். மேட்டூருக்கு வரும் முதல் புதுவெள்ளம் பெரும்பாலும் கபினியின் வெள்ளம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் டெல்டா விவசாயிக்கு இந்த ஆறு ஓர் எண்ணாகத்தான் அறிமுகம்.

அந்த எண் நீரின் அளவைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. அணையைவிட்டு இறங்கும் கபினி சந்திக்கும் முதல் பெரிய ஊர் நஞ்சன்கூடு. மைசூருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், ஆற்றின் வலக்கரையில் இருக்கும் கோயில் நகரம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் கர்நாடகத்துக்கு 17 இடங்கள். அவற்றில் ஒன்று ‘கபினி: நஞ்சன்கூடு முதல் ஹெஜ்ஜிகே வரை’. வயநாட்டுக் காடுகளிலிருந்து ஏறக்குறையத் தெளிவாக வரும் ஓர் ஆறு, ஒரு நடுத்தர நகரத்தைக் கடப்பதற்குள் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது எப்படி? மீட்பு வேலையை எங்கே தொடங்க வேண்டும்? இக்கட்டுரை வந்துசேரும் விடை எளிமையானது: ஆற்றைக் கெடுப்பது ஆற்றில் நடப்பதைவிட, அதில் வந்து சேரும் சிறு ஓடைகளில் நடப்பது. மீட்பும் அந்த ஓடைகளில்தான் நடக்க வேண்டும்.

ஊரும் நீரும்

கபினிக்குக் கர்நாடகத்தில் கபிலா என்றும் பெயர் உண்டு. வயநாட்டில் மானந்தவாடி ஆறும் பனமரம் ஆறும் கூடிப் பிறந்து, ஹெக்கடதேவனகோட்டே வட்டத்தில் 1974-இல் கட்டிமுடிக்கப்பட்ட பீச்சனஹள்ளி அணையில் தங்கி, நஞ்சன்கூட்டைத் தொட்டு, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு சேர்கிறது. நஞ்சன்கூட்டுக்குத் தெற்கிலிருந்து இன்னோர் ஆறும் வருகிறது. குண்டலுப்பேட்டையின் மழைமறைவு நிலத்தில் தொடங்கும் குண்டலு ஆறு அது. கவுண்டினி என்பது அதன் புராணப் பெயர். இரண்டும் கூடுமிடம் பரசுராம க்ஷேத்திரம் எனப்படுகிறது. கபினிக்கு அணையும் பருவமழையும் உண்டு. குண்டலு மழை பெய்தால் ஓடும், பொய்த்தால் வறண்டு கிடக்கும். வறண்ட ஆற்றுப்படுகையில் ஊர்க்கழிவு விழுந்தால் அதைக் கலக்கி எடுத்துச்செல்ல நீர் இருக்காது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், பங்குனியில் ஐந்து தேர்கள் ஓடும் பெரிய ஜாத்திரை, ரசபாளே வாழைப்பழம், ஆயுர்வேதப் பல்பொடி என்று இந்த ஊருக்குப் பல முகவரிகள். ஆற்றின் குறுக்கே தளவாய் தேவராஜர் 1735-இல் கட்டிய பாலம், இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பாலங்களில் ஒன்று. உதகையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் மைசூருக்குப் போகும் தமிழ்ப் பயணிகள் இவ்வூரைக் கடந்துதான் போகிறார்கள். 1980-களுக்குப் பிறகு இதன்மேல் இன்னொரு முகம் ஏறியது. மைசூர்–நஞ்சன்கூடு சாலை தொழிற்சாலைகளின் சாலையாயிற்று. உடனடிக் காப்பித்தூள், காகிதம், மருந்து மூலப்பொருள், மின்சுற்றுப் பலகை, சர்க்கரை எனப் பல தொழில்கள் இந்த வட்டத்தில் உள்ளன. நெஸ்லேயின் காப்பி ஆலை 1989-இல் வந்தது. 2020-இல் ஒரு மருந்து ஆலையைச் சுற்றிப் பரவிய கொரோனாத் தொற்றால் ஊரின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது.

மூன்றாவது நீர்வழி வடக்கிலிருந்து, மைசூரிலிருந்து வருகிறது. மைசூர் ஒரு மேட்டுநிலத்தில் அமர்ந்திருக்கிறது. அதன் வடசரிவு காவிரிப் பக்கம் வடிகிறது. தென்சரிவு கபினிப் பக்கம். நகரின் மூன்று பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கேசரே நிலையம் (நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் திறன்) வடசரிவில் உள்ளது. வித்யாரண்யபுரம் (6.765 கோடி லிட்டர்), ராயனகெரே (6 கோடி லிட்டர்) ஆகிய இரண்டும் தென்சரிவில். வித்யாரண்யபுரத்து நீர் தளவாய் ஏரி வழியாகத் தெற்கே இறங்குகிறது. நிலையத்தை ஒட்டியே நகரின் பழைய குப்பைமேடும் இருக்கிறது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நாட்டின் தூய்மையான நகரம் என்று தரவரிசை பெற்ற மைசூரின் தூய்மைக்குக் கீழ்ப்புறம் ஒன்று உண்டு. அந்தக் கீழ்ப்புறம் கபினி.

கெட்ட நீரை எப்படி அளக்கிறார்கள்?

மாசு வாரியம் ஆற்றைத் தரம்பிரிக்கும் முதன்மையான அளவு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. அதைச் சுருக்கமாக பி.ஓ.டி. என்கிறார்கள். நீரில் கரைந்த மலம், சோறு, சோப்பு, ஆலைக்கழிவு போன்ற கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும். அப்படிச் செரிக்க நீரிலுள்ள ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் அப்படிப் போகிறது என்பதே பி.ஓ.டி. குளிப்பதற்குத் தகுந்த ஆற்றில் அது 3-க்கு மேல் போகக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது. மலக்கிருமிகளைக் காட்டும் கோலிஃபார்ம் எண்ணிக்கை 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500-ஐத் தாண்டக் கூடாது.

பி.ஓ.டி. 3-ஐத் தாண்டிய பகுதிகளை வாரியம் ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 30-க்கு மேல் போனால் முதல் வகை. 3 முதல் 6 வரை ஐந்தாம் வகை. 2018 பட்டியலில் நஞ்சன்கூட்டுக் கபினி, 6 முதல் 10 வரையுள்ள நான்காம் வகையில் இருந்தது. யமுனையோடும் கூவத்தோடும் ஒப்பிட்டால் இது சிறு நோய்தான். ஆனால் இந்த நிலையில்தான் மருந்து மலிவு, மீட்பு எளிது. கூவமாக மாறிய ஆற்றைத் திருப்பத் தலைமுறைகள் வேண்டும். நான்காம் வகை ஆற்றைச் சில ஆண்டுகளில் திருப்பலாம்.

நாடு முழுவதும் அந்த ஆண்டில் மாசடைந்த பகுதிகள் 351 என்று கணக்கிடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2018 செப்டம்பர் 20-இல் தானாகவே வழக்கை எடுத்து, ஒவ்வொரு மாநிலமும் நான்கு துறை அதிகாரிகள் கொண்ட ஆறு மீட்புக் குழு அமைத்துச் செயல்திட்டம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. கபினிக்கும் அப்படித்தான் செயல்திட்டம் வந்தது. அந்த வழக்கில் பின்னர் பிறந்த உத்தரவொன்று நம் பொருளுக்கு முக்கியமானது. ஆற்றில் சேரும் ஓடையில் தற்காலிகச் சுத்திகரிப்பையாவது 2020 ஏப்ரலுக்குள் தொடங்காவிட்டால், ஒவ்வோர் ஓடைக்கும் மாதம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பாயம். அபராதத்துக்கு அது எடுத்துக்கொண்ட அலகு ஆறு அல்ல, ஓடை. சட்டத்தின் இந்தப் பார்வை ஆட்சி நிர்வாகத்தின் பழக்கத்துக்குள் இன்னும் இறங்கவில்லை.

ஒரு சிறு கணக்கு

2011 கணக்கெடுப்பில் நஞ்சன்கூடு நகரின் மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நெறி. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு 54 லட்சம் லிட்டர். காவிரிச் செய்திகளின் மொழியில் சொன்னால் விநாடிக்கு 2.2 கன அடி. பருவமழையில் ஆயிரக்கணக்கான கன அடி புரண்டு போகும் ஆற்றில் இரண்டு கன அடி எம்மாத்திரம்?

சுத்திகரிக்காத கழிவுநீரின் பி.ஓ.டி. 250 என்றும், மேலிருந்து வரும் ஆற்றுநீரின் பி.ஓ.டி. 1 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் கலந்த நீர் 3-க்குள் நிற்க வேண்டுமானால் ஒரு பங்கு கழிவுக்கு ஏறக்குறைய 124 பங்கு நல்ல நீர் வேண்டும். அதாவது இந்த 2.2 கன அடியை விழுங்கிச் செரிக்க ஆற்றில் 270 கன அடிக்குமேல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜூலையில் அது பிரச்சினையே இல்லை. அணை மூடிய கோடையில், குடிநீருக்காகத் திறந்துவிடும் சிறு அளவும் கசிவும் மட்டும் வரும் நாட்களில், அதுதான் எல்லாப் பிரச்சினையும்.

அதே கழிவுநீரைச் சுத்திகரித்து பி.ஓ.டி.யை 30-க்குக் கொண்டுவந்தால் 30 கன அடி போதும். சிறு நகரங்களுக்கு மத்திய அரசின் 2017 அறிவிக்கை விதித்த அளவு அது. பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கேட்ட 10-க்குக் கொண்டுவந்தால் 8 கன அடியே போதும். 270-க்கும் 8-க்கும் உள்ள தொலைவுதான் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுவதன் மதிப்பு. நல்ல நிலையம் ஒருவகையில் அணைக்குச் சமம். ஆற்றுக்கு 260 கன அடி நீரை அது மிச்சப்படுத்தித் தருகிறது.

கிருமிக் கணக்கு இன்னும் கடுமையானது. பச்சைக் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கோடி கோலிஃபார்ம் இருப்பது சாதாரணம். அதை 2,500-க்குக் கரைக்க வேண்டுமானால் 4,000 பங்கு நீர், அதாவது 8,800 கன அடி வேண்டும். வெள்ளக்காலத்தைத் தவிர வேறெப்போதும் அது நடக்காது. ஆகவே படித்துறையில் முழுக்குப் போடுபவரைக் காப்பது ஆற்றின் ஓட்டமல்ல; சுத்திகரிப்பின் கடைசிப் படியான கிருமிநீக்கம். 2017 அறிவிக்கையின்படி வெளியேறும் நீரில் கோலிஃபார்ம் 1,000-க்குள் இருந்தாக வேண்டும். அந்த ஒரு படி ஒழுங்காக நடந்தால், ஆற்றில் கலக்கும்போதே அது குளியல் வரம்புக்குள் இருக்கும்.

மைசூரின் தென்சரிவையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு நிலையங்களின் திறனைச் சேர்த்தால் 52 கன அடி. நஞ்சன்கூட்டுக் கழிவைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அது முழுதும் ஆற்றை எட்டுவதில்லை. ஏரியில் தங்குகிறது, வயலுக்குப் போகிறது, மண்ணில் இறங்குகிறது, ஆவியாகிறது. ஆனாலும் அந்த அளவு நீர் 30 என்ற தரத்தில் முழுவதும் வந்தால் ஆற்றில் 700 கன அடி வேண்டும். 10 என்ற தரத்தில் வந்தால் 180. நஞ்சன்கூட்டு நகரசபை தன் பங்கைத் தவறாமல் செய்தாலும் கபினியின் கதை மைசூரில் பாதி எழுதப்படும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஓடை சாக்கடையாவது எப்படி?

பழைய மைசூர்ப் பகுதியில் ஒவ்வோர் ஏரியும் நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்காலை ராஜகாலுவே என்பார்கள். நம் ஊரில் ஏரிகளை வரத்துக்கால்வாயும் போக்குக்கால்வாயும் இணைப்பதுபோல, அங்கே ராஜகாலுவேகளும் ஹள்ளங்கள் எனப்படும் சிற்றோடைகளும் மேட்டுநிலத்து மழைநீரை ஏரி ஏரியாக இறக்கி ஆற்றில் சேர்த்தன. ஆண்டில் நான்கைந்து மாதம் ஓடி, மீதி நாட்கள் காய்ந்து கிடப்பதே அவற்றின் இயல்பு. ஆண்டு முழுதும் நீரோடும் நகர ஓடையைக் கண்டால் மகிழக் கூடாது; கோடையில் ஓடும் நீர் அநேகமாகக் கழிவுநீராகத்தான் இருக்கும்.

ஓடைக்குள் கழிவு நுழைவதற்கு மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, இணைப்பில்லாத வீடு. பாதாளச் சாக்கடை தெருவில் போனாலும் அதில் இணையப் பணம் கட்ட வேண்டும், முற்றத்தைத் தோண்ட வேண்டும். கழிப்பறை மட்டும் குழிக்குப் போக, குளியலறையும் சமையலறையும் திறந்த வாய்க்காலுக்குப் போவது சிறு நகரங்களில் பரவலான வழக்கம். இரண்டாவது, குழாய் போகும் பாதை. கழிவுநீர் பள்ளம் நோக்கித்தான் ஓடும். ஊரின் பள்ளமான கோடு ஓடை. அதனால் பெருங்குழாயும் ஓடைக்கரையிலேயே பதிக்கப்படுகிறது. அடைப்பு விழுந்தால், நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால், ஆள்நுழைகுழி பொங்கி நேராக ஓடையில் விழும். கபினி பெருகி 2018, 2019 போல ஊருக்குள் வரும் ஆண்டுகளில் தாழ்ந்த குழிகளில் வண்டல் ஏறும். வெள்ளம் வடிந்த பிறகும் பல மாதங்கள் அந்த அடைப்பு வேலை செய்துகொண்டிருக்கும். மூன்றாவது, கழிவுத்தொட்டி லாரி. அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்பவர் இல்லாத ஊரில், இருட்டில் இருக்கும் ஓடைதான் அதற்குக் கிட்டத்தில் கிடைக்கும் இடம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது பொறுப்புப் பிளவு. குழாயையும் நிலையத்தையும் கட்டுவது கர்நாடக நகர்ப்புறக் குடிநீர் வழங்கல், வடிகால் வாரியம். பராமரிப்பது நகரசபை. மழைநீர் வாய்க்கால் ஒரு துறை, ஏரி வேறொன்று, ஆறு இன்னொன்று. ஆலை உரிமம் தருவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கோயில் அறநிலையத் துறைக்கு உட்பட்டது. ஆற்றுக்குப் பெயர் இருக்கிறது, புராணம் இருக்கிறது, நடுவர் மன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதில் விழும் வாய்க்காலுக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. பெங்களூரில் ராஜகாலுவேகளை மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் விதித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. தலைநகரின் ஓடைக்கே சட்டக் காப்பு நிலைக்கவில்லை என்றால், வட்டத் தலைநகர் ஒன்றின் ஹள்ளத்தைக் கேட்பார் யார்?

ஆலையும் ஆலயமும்

நஞ்சன்கூட்டில் ஆற்றைப் பற்றிப் பேசினால் ஊர்க்காரர் ஆலையைச் சுட்டுவதும், ஆலைக்காரர் பக்தரைச் சுட்டுவதும் எளிது. இரண்டையும் அளவோடு பார்க்க வேண்டும்.

ஆலைக்கழிவின் சிக்கல் அதன் வகையில் இருக்கிறது. காப்பி ஆலையின் நீரில் கரிமமும் நிறமும் மிகுதி. காகித ஆலை நார்த்துகளை விடும். மருந்து ஆலையில் உப்பும் கரைப்பானும். மின்சுற்றுப் பலகைத் தொழிலில் செம்பு முதலான உலோகங்கள். பி.ஓ.டி. அளவு இவற்றில் பாதியைக் காட்டவே காட்டாது. செம்பும் உப்பும் ஆக்சிஜனைத் தின்பதில்லை, ஆகவே பி.ஓ.டி. 3-க்குள் நின்றாலும் நீர் நச்சாயிருக்கலாம். மிகுந்த மாசு தரும் 17 வகைத் தொழில்கள் தம் கழிவுநீரை இணையவழியில் இடைவிடாமல் அளந்து அனுப்ப வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-இல் ஆணையிட்டது. சர்க்கரை, காகிதம், மருந்து மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. சுத்திகரிப்பு நிலையம் இயங்கும் ஆலை மட்டுமே இயங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விதி இருக்கிறது. அந்த இணைய அளவுகள் கீழ்க்கரை ஊராட்சிக்கு எளிதில் புரியும் வடிவில் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி.

பாடம் நமக்குத் தெரிந்ததுதான். திருப்பூரின் சாயநீர் நொய்யலில் இறங்கி, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை உப்புத்தொட்டி ஆக்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரைத் திறக்காதே என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை அங்கே நிலைபெற்றது. நொய்யலில் தீர்ப்பு வரும்போது ஆறு போயிருந்தது. கபினி இன்னும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை. எட்டும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை.

பக்தர் தரப்பில் பெரிய சிக்கல் துணி. நேர்ந்துகொண்டு மொட்டையடித்து, ஆற்றில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் தோஷம் கழியும் என்ற நம்பிக்கை படித்துறையில் ஊன்றியிருக்கிறது. தன்னார்வ இளைஞர்கள் இறங்கி மூட்டை மூட்டையாகத் துணி எடுத்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. செயற்கை இழைத் துணி மட்காது. படுகைக் கல்லில் சுற்றி, மணலோடு இறுகி, மீன் முட்டையிடும் இடத்தை அது மூடிவிடும். சோப்பு, எண்ணெய், அஸ்தி, பூமாலை எல்லாம் இதோடு சேரும். கண்ணுக்குத் தெரிவதால் இந்த மாசுதான் புகைப்படமாகிறது. ஆனால் பி.ஓ.டி. கணக்கில் ஒரு நாள் முழுதும் படித்துறையில் சேரும் பாரத்தைவிட, மூன்று தெரு தள்ளி மண்ணுக்கடியில் கசியும் ஒரு குழாயின் பாரம் பெரிதாயிருக்கும். துணி எடுக்கும் நாளில் கூடும் கூட்டம் குழாய் சரிசெய்யும் நாளில் கூடுவதில்லை.

மீட்ட ஊர்கள்

நஞ்சன்கூட்டுக்கு மிக நெருக்கமான முன்மாதிரி பஞ்சாபில் இருக்கிறது. குரு நானக்கின் நினைவோடு இணைந்த காளி பேயின் என்னும் 160 கிலோமீட்டர் சிற்றாறு, ஆகாயத்தாமரையும் ஊர்ச்சாக்கடையும் நிறைந்து கிடந்தது. 2000 ஜூலையில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி மக்களைத் திரட்டித் தூர்வாரத் தொடங்கினார். பக்தி அங்கே உடலுழைப்பாக மாறியது. அதோடு நின்றிருந்தால் அடுத்த ஆண்டே பழைய நிலை திரும்பியிருக்கும். சீச்சேவால் செய்த முக்கிய வேலை, ஆற்றில் விழுந்த ஊர்க்கழிவைக் குட்டைகளில் தேக்கித் தெளியவைத்து வயலுக்குத் திருப்பியது. கழிவு ஆற்றுக்குப் போகும் வழியை மாற்றியதால்தான் தூர்வாரியதற்குப் பலன் நின்றது. மேலிருந்து நல்ல நீர் வருவது குறைந்த நாட்களில் பின்னாளிலும் அங்கே மீன்கள் செத்து மிதந்தன. மேலே சொன்ன கணக்குக்கு அது நேர்ச் சான்று.

சிங்கப்பூரில் 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்து ஆற்றைச் சுத்தப்படுத்தச் சொன்னார். 1987-இல் வேலை முடிந்தது. அங்கே நடந்ததில் பெரும்பங்கு ஆற்றுக்கு வெளியே. பன்றிப்பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவோர உணவுக்கடைகள் வடிகால் வசதியுள்ள கட்டடங்களுக்கு மாறின, கழிப்பறையற்ற குடிசைகளில் இருந்தவர்கள் அடுக்ககங்களுக்குப் போனார்கள். ஆற்றில் தூர்வாரியது கடைசியில்தான். தென்கொரியாவின் சோல் நகரில் மேம்பாலத்தை இடித்து 2005-இல் திறந்த சியோங்கியேச்சோன் ஓடை கண்ணுக்கு அழகு. ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டன், ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்யப்படுவது. பணமுள்ள மாநகரத்துக்கு அது முடியும்; நகரசபைக்கு முடியாது.

சென்னையில் அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் மீட்டெடுத்து 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, பறவைகளும் அலையாத்தியும் திரும்பிவரும் என்பதைக் காட்டியது. மேலே அடையாறு முழுதும் சாக்கடை விழுந்துகொண்டிருக்கையில் முகத்துவாரத்தை மட்டும் காப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அதுவே காட்டுகிறது. பெங்களூரில் மெஜஸ்டிக் பக்கத்திலிருந்து பெள்ளந்தூர் நோக்கிப் போகும் ராஜகாலுவேயில் நடந்த கே-100 திட்டம் வேறு வழியில் தொடங்கியது. முதலில் வாய்க்காலில் விழும் கழிவுக்குழாய்களைக் கண்டுபிடித்துத் தனிக்குழாயில் திருப்பு, பிறகு கரையை அழகாக்கு என்பது அதன் வரிசை. ஐந்து ஊர்க் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு அந்த வரிசையில்தான் இருக்கிறது. கழிவை முதலில் மறித்த இடத்தில் பலன் நின்றது. கரையை முதலில் கட்டிய இடத்தில் கல்லும் கைப்பிடியும் நின்றன.

நஞ்சன்கூட்டுக்கு என்ன?

முதல் வேலை கணக்கெடுப்பு. ஊருக்குள்ளிருந்து கபினியிலும் குண்டலுவிலும் விழும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் எண், பெயர், வரைபடம் வேண்டும். ஏப்ரல் மாதத்தில் மழையற்ற ஒரு வாரத்தில் ஒவ்வொன்றிலும் எத்தனை லிட்டர் வருகிறது, அதன் தரம் என்ன என்று அளந்தால் போதும், எந்த வாய்க்காலை முதலில் எடுப்பது என்பது தானே தெரிந்துவிடும். இரண்டு கன அடியைப் பிரித்தால் ஒவ்வொரு வாய்க்காலின் பங்கும் சிறிது. பெரிய வாய்க்கால்கள் இரண்டு மூன்றை மறித்தாலே பாதிப் பாரம் குறைந்துவிட வாய்ப்புண்டு.

இரண்டாவது வீட்டிணைப்பு. புது நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுவது கண்ணுக்குத் தெரியும் வேலை. இணைப்புக்கு மானியம் தருவது தெரியாத வேலை. மத்திய வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர்தான். கட்டிய திறனிலேயே மூன்றில் ஒரு பங்கு வேலையின்றிக் கிடக்கிறது. குழாய் வந்து சேராத நிலையம் வெறும் கட்டடம்.

மூன்றாவது, தெளிந்த நீரை ஆற்றில் விடாமல் இருப்பது. பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. நஞ்சன்கூட்டில் அத்தனை தொலைவு தேவையில்லை. ஊரைச் சுற்றி நெல்லும் கரும்பும் வாழையும் இருக்கின்றன, பக்கத்திலேயே நீர் கேட்கும் தொழிற்பேட்டை இருக்கிறது. 54 லட்சம் லிட்டர் தெளிந்த நீரை ஆலைகளுக்கு விற்றால் ஆற்றிலிருந்து எடுப்பதும் குறையும், ஆற்றில் விடுவதும் குறையும். கிருமியும் உலோகமும் சோதிக்கப்பட்ட பிறகே வயலுக்கு விட வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

நான்காவது படித்துறை. தடையும் தண்டனையும் நம்பிக்கையை மாற்றாது. துணியைக் கரையிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கோயிலே செய்து, அதுவும் நேர்த்திக்கடனின் ஒரு பகுதி என்று அர்ச்சகரே சொன்னால் மாறும். முடிக் காணிக்கையைக் கோயில்கள் ஏலம் விடுகின்றன. துணிக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பது கடினமில்லை.

இரண்டாவது எண்

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு 192 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் அதை 177.25 ஆக்கியது. மாதவாரியாக இத்தனை என்று மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியதைத் தவிர, வரும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்று மாத அட்டவணையில் ஒரு பத்தி கிடையாது. பெங்களூரின் கழிவுநீர் காவிரியிலும் தென்பெண்ணையிலும் கலப்பதை எதிர்த்துத் தமிழ்நாடு 2015-இல் தனியாக உச்ச நீதிமன்றம் போனது. அளவுக்கு ஒரு வழக்கு, தரத்துக்கு வேறொரு வழக்கு என்று பிரிந்து நிற்பதே நம் காவிரி அரசியலின் குறை. வறண்ட ஆண்டில் கர்நாடகம் நீரைக் குறைத்தால் கழிவின் செறிவு கூடும். கழிவைக் குறைத்தால் குறைந்த நீரும் பயன்படும். இரண்டும் ஒரே சமன்பாட்டின் இரு பக்கங்கள்.

தமிழ்நாடு நஞ்சன்கூட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பவானியிலும் நொய்யலிலும் அமராவதியிலும் நாம் விடும் கழிவைக் கணக்கில் எடுத்தால் அந்த உரிமையும் நமக்கு இல்லை. கேட்க வேண்டியது சிறியது, நடைமுறைக்கு உகந்தது. கபினி அணையின் நீர்வரத்தும் திறப்பும் நாள்தோறும் வெளியாவதுபோல், நஞ்சன்கூட்டுக்கு மேலும் கீழும் பி.ஓ.டி., கோலிஃபார்ம், கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்று அளவுகளையும் இரு மாநில மக்களும் காணும்படி மாதந்தோறும் வெளியிட வேண்டும். காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் கூட்டத்தில் கன அடிக்குப் பக்கத்தில் அந்த எண்களும் வைக்கப்பட வேண்டும். மேலே உள்ள அளவுக்கும் கீழே உள்ள அளவுக்கும் இடையிலான வேறுபாடே அந்த ஊரின் பங்கு. அதில் வாதத்துக்கு இடமில்லை. அந்த வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று நஞ்சன்கூட்டு வாக்காளரும் தஞ்சாவூர் விவசாயியும் ஒரே தாளைப் பார்த்துக் கேட்க முடிந்தால், பெயரில்லாத அந்த வாய்க்கால்களுக்கும் பொறுப்பாளர் கிடைப்பார்.